மூன்று தடவை கேஸ் ஏற்றியும் கோல்டு ரூம் குளிரவில்லையே!

கேள்வி: திருமங்கலம் பக்கத்தில் இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்பு 10க்கு 8 அடியில் ஒரு கோல்டு ரூம் போட்டோம். வெளி யூனிட் ஒன்றரை எச்.பி., குளிர வைக்கிற கேஸ் ஆர்-404ஏ. 4 டிகிரியில் நன்றாகத்தான் ஓடியது. எட்டு மாதமாக மதியத்துக்கு மேல் 9, 10 என்று ஏறிவிடுகிறது. 0வில் வைத்துப் பார்த்தும் பலனில்லை. கம்ப்ரஸர் நிற்பதே இல்லை. உள்ளே குளிர்ச்சி தருகிற குழாய்ச் சுருளான காயில் முழுக்க ஐஸ் சுவர் மாதிரி கட்டிக்கொள்கிறது. வாரம் ஒரு தடவை பையன்கள் கத்தியால் சுரண்டி எடுக்கிறார்கள். கீழே தண்ணீர் தேங்குகிறது. மெக்கானிக் மூன்று தடவை கேஸ் ஏற்றினார், தடவைக்கு 6,500 ரூபாய். ஏற்றி முடித்ததும் யூனிட்டை நிறுத்தி, ஐஸ் கரைந்த பிறகு போடச் சொல்வார். அப்படிப் போட்டால் நன்றாகக் குளிரும், பத்து நாளில் பழையபடி ஆகிவிடும். இப்போது கம்ப்ரஸரே போய்விட்டது, மாற்ற 48,000 ஆகும் என்கிறார். ஆரம்பத்தில் தினம் 120 கிலோ மாவு போட்டோம், இப்போது 350 கிலோ. பாக்கெட்டெல்லாம் உப்பிப்போய்க் கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். கம்ப்ரஸரை மாற்றவா, புது ரூமே போடவா? மெக்கானிக் என்னை ஏமாற்றுகிறாரா?

பதில்: வணக்கம் அம்மா. கம்ப்ரஸருக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் கம்ப்ரஸர் போனதற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. காயிலில் ஐஸ் கட்டுகிறது என்றாலே அது இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது என்று அர்த்தம். செத்த கம்ப்ரஸரால் காயிலைப் பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி வேறு. ஏற்றி முடித்ததும் யூனிட்டை நிறுத்தி, ஐஸ் கரைந்த பிறகு போடச் சொல்வார் என்கிறீர்களே, அதுதான். அப்படியானால் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்தபோது காயிலில் ஐஸ் இருந்திருக்கிறது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

ஓட ஓடத் தீர்ந்துபோவதற்குக் கேஸ் ஒன்றும் பெட்ரோல் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற சரக்கு. நான்கு வருடம் கழித்தும் போட்ட எடை அப்படியே இருக்க வேண்டும். குறைந்தது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. ஒழுகல் இல்லை என்றால் குறையவும் இல்லை. மூன்று தடவை ஏற்றியவர் மூன்று தடவையும் ஒழுகலைத் தேடவில்லை. அல்லது ஒழுகலே இல்லாத மெஷினில் ஏற்றியிருக்கிறார். இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

எப்படி என்று கேட்டால், 4 டிகிரி ரூமில் காயிலின் உள் வெப்பம் ஏறக்குறைய மைனஸ் 5 இருக்கும். ஆர்-404ஏ கேஸில் அதற்குக் கேஜ் 60 பி.எஸ்.ஐ. பக்கம் அழுத்தம் காட்டும். காயிலின் தகடுகளுக்கு நடுவில் ஐஸ் அடைத்துவிட்டால் காற்று புக வழியில்லை. காற்று வராவிட்டால் உள்ளே இருக்கும் திரவம் கொதித்து ஆவியாக வெப்பம் கிடைக்காது. அழுத்தம் 40, 30 என்று இறங்கிவிடும். கேஜைப் பார்க்கிறவர் கண்ணுக்கு இது அச்சு அசல் கேஸ் குறைவு மாதிரியேதான் தெரியும். சிலிண்டரைத் திறந்து முள் 60க்கு வரும்வரை ஏற்றுவார். அப்புறம் ஐஸ் கரைந்து காற்று ஓடத் தொடங்கியதும், ஏற்றியதெல்லாம் உபரி. ரூம் குளிர்வது ஐஸ் போனதால், கேஸால் அல்ல. ஆனால் கேஸ் ஏற்றிய கையோடு குளிர்ந்ததால் பெயர் கேஸுக்குப் போய்விடும். பத்து நாளில் மறுபடி ஐஸ், மறுபடி கேஸ்.

அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தொழிலுக்கு வந்த நான்காவது வருடம், ராமநாதபுரம் பக்கம் ஒரு மீன் கம்பெனியின் மைனஸ் 18 டிகிரி ரூமில் இதே தப்பை நானும் செய்தேன். ஒரே மாதத்தில் மூன்று தடவை ஏற்றினேன். கடைசியில் திரவமாகவே கேஸ் திரும்பிவந்து கம்ப்ரஸரின் வால்வு தகடு உடைந்தது. முதலாளி வேறொரு பெரியவரைக் கூட்டிவந்தார். அவர் கேஜையே எடுக்கவில்லை. பேனல் போர்டைத் திறந்து, ஐஸைக் கரைக்கும் டீஃப்ராஸ்ட் ஹீட்டருக்குப் போகும் ஒயரில், கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டி, டைமரைக் கையால் திருப்பினார். ஹீட்டர் ஓடினால் 4, 5 ஆம்பியர் வர வேண்டும். மீட்டரில் பூஜ்யம். எலி கடித்த ஒயர். ஒரு முழ ஒயருக்குப் பதில் ஒரு கம்ப்ரஸரைக் காலி செய்திருந்தேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஐஸ் இருக்கும் காயிலுக்குக் கேஜ் மாட்டுவதில்லை.

ஐஸ் எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். உண்மையாகவே கேஸ் குறைந்திருந்தால், காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வுக்குப் பக்கத்தில், கேஸ் நுழைகிற முனையில் மட்டும் நாலைந்து குழாய் வெள்ளையாக இருக்கும். மீதிக் காயில் ஈரம்கூட இல்லாமல் வெறுமனே கிடக்கும். நீங்கள் சொல்வது முழுக்க ஐஸ் சுவர். அது ஈரமும் காற்றும் சம்பந்தப்பட்ட வியாதி. ஈரம் எங்கிருந்தோ நிறைய உள்ளே வருகிறது, அல்லது ஃபேன் காற்றைத் தள்ளவில்லை, அல்லது காயிலுக்கு ஐஸ் உதிர்க்க ஓய்வே கிடைக்கவில்லை. உங்கள் ரூமில் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்று தோன்றுகிறது.

ஓய்விலிருந்து ஆரம்பிக்கிறேன். 4 டிகிரி ரூமுக்கு ஹீட்டர் வைத்திருக்க மாட்டார்கள். கம்ப்ரஸர் நிற்கும்போது ஃபேன் மட்டும் ஓடும். ரூமின் 4 டிகிரிக் காற்றே காயிலில் படிந்த பனியைக் கரைத்துவிடும். அதனால் கம்ப்ரஸர் அவ்வப்போது நின்றே ஆக வேண்டும். நீங்கள் 0வில் வைத்ததும் என்ன ஆனது? அது எட்டவே முடியாத இலக்கு, கம்ப்ரஸர் நிற்கவே நிற்காது, பனி கரைய நேரம் இல்லை. ரூம் காற்று பூஜ்யத்தை நெருங்கினால் ஃபேன் ஓடியும் கரையாது. தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைப்பதால் மெஷின் வேகமாகக் குளிர்விக்காது, எப்போது நிறுத்துவது என்பதுதான் மாறும். இன்றைக்கே 4க்குக் கொண்டுவாருங்கள். கன்ட்ரோலரில் டீஃப்ராஸ்ட் செட்டிங் இருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை 20 அல்லது 30 நிமிடம் என்று இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். யாராவது அதைப் பூஜ்யமாக்கி வைத்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டிய வேலை. வியாபாரம் குறைந்த ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். இருக்கும் மாவைத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் கட்டியோடு மாற்றிவிடுங்கள். கம்ப்ரஸரை நிறுத்தி, உள்ளே ஃபேனை மட்டும் ஓடவிட்டு, கதவைத் திறந்து வையுங்கள். நாலைந்து மணி நேரம் ஆகும். அவசரம் என்றால் ஃபேனையும் மெயினில் நிறுத்திவிட்டுச் சாதாரண குழாய்த் தண்ணீரைக் காயிலில் மட்டும் ஊற்றலாம். ஃபேன் மோட்டார், ஒயர் பக்கம் போகக் கூடாது. வெளியே கரைந்த மாதிரி தெரிந்தாலும் உட்புறத்தில் கட்டி நிற்கும். டார்ச் அடித்துத் தகடுகளின் மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தபிறகுதான் முடிந்தது என்று வையுங்கள்.

கத்தியை இனி அந்த ரூமுக்குள் விடாதீர்கள். காயிலின் செப்புக் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூடக் கனம் இருக்காது. எட்டு மாதமாக வாரா வாரம் சுரண்டியிருக்கிறீர்கள். உங்கள் மெஷினில் நிஜமாகவே ஒரு ஒழுகல் இருக்குமானால் முதலில் அங்கேதான் தேடுவேன். ஐஸ் போன பிறகு காயிலை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் வெளியேறும் என்பதால், ஒழுகும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், தூசியும் ஒட்டியிருக்கும்.

காயில் சுத்தமானதும் ஃபேனைப் பாருங்கள். இரண்டு இருந்தால் இரண்டும் ஓடுகிறதா? ஒன்று நின்றுபோய், மற்றதன் காற்றில் சும்மா சுழன்றுகொண்டு ஏமாற்றும். மெயினை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தால் பேரிங் பிடித்தது தெரிந்துவிடும். காயிலின் உறிஞ்சும் பக்கத்தில் ஒரு தாளைப் பிடித்தால் ஓரம் முதல் ஓரம் வரை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கதவு ஓரத்து ரப்பர் காஸ்கெட்டைச் சோதிக்கப் பத்து ரூபாய் நோட்டு போதும். நோட்டைப் பாதி உள்ளே, பாதி வெளியே வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். பிடித்துப் பிடித்து வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. நாலு பக்கமும், முக்கியமாகக் கீழ் மூலைகளிலும் பாருங்கள். மாவு அடுக்கும் பெட்டி, அதாவது கிரேட், இடித்து இடித்துக் கீழ் மூலைதான் முதலில் கிழியும். காஸ்கெட் நன்றாக இருந்து கதவு தொங்கியிருந்தாலும் இதே கதிதான். அதற்குக் கீலைத் தூக்கி முடுக்கினால் போதும். பிளாஸ்டிக் பட்டைத் திரை இருந்து, வேலைக்குத் தொந்தரவு என்று அதைத் தூக்கிக் கட்டியிருந்தால் இறக்கிவிடுங்கள். காலையில் வண்டி ஏற்றும்போது அரை மணி நேரம் கதவு திறந்தே கிடக்கும் வழக்கம் இருந்தால், ஐஸில் பாதிக்குக் காரணம் அதுதான்.

கீழே தண்ணீர் தேங்குவதற்கு டிரெயின் அடைப்புதான் முதல் சந்தேகம். மாவுப் பிசுக்கும் பாசியும் சேர்ந்து கெட்டியாகிவிடும். அடைப்பு எடுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: குழாய் வெளியே போய் ஒரு வளைவு எடுத்து, அதில் தண்ணீர் நிற்க வேண்டும், கழிவறைக் குழாயில் இருக்குமே அதே மாதிரி. அந்த வளைவு இல்லாவிட்டால் ஃபேனின் இழுப்பில் வெளிக்காற்று இருபத்துநாலு மணி நேரமும் டிரெயின் வழியாகவே உள்ளே வரும். அரை அங்குலக் குழாயிலா இவ்வளவு என்று தோன்றும். ஈரத்துக்கு அது போதும்.

வெளி யூனிட்டைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. மாவு மில்லில் வெப்பத்தை வெளியே தள்ளும் கன்டென்சர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அரிசித் தூசியும் ஈரமும் சேர்ந்து தகடுகளுக்கு நடுவில் அப்பளம் மாதிரி ஒரு பொருக்கு படிந்திருக்கும். மேலாகத் தூரிகை போட்டால் முகம் மட்டும் பளபளக்கும், உள்ளே அப்படியே இருக்கும். மெயினை நிறுத்தி, ஃபேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மிதமான வேகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். பம்பு வைத்து வேகமாக அடித்தால் தகடு மடிந்துவிடும். உங்கள் ஊர் மதிய வெயில் 39, 40 என்றால், சுத்தமான கன்டென்சரே 50 டிகிரியில் ஓடும். கம்ப்ரஸரிலிருந்து கேஸ் வெளியேறும் ஹை பக்கம் 320 பி.எஸ்.ஐ. அழுத்தம். அதோடு அழுக்கும் உபரிக் கேஸும் சேர்ந்தால் 400ஐ நோக்கிப் போகும். மதியத்துக்கு மேல் மட்டும் ரூம் ஏறுகிறது என்கிறீர்களே, அதற்கு இது ஒரு காரணம். யூனிட்டுக்கு மேல் நிழலுக்கு ஒரு தகரம் போட்டால் நல்லது, ஆனால் சூடான காற்று வெளியேறும் பக்கத்தை மூடிவிடக் கூடாது.

இதெல்லாம் முடித்து, மறுநாள் காலையில், காயில் சுத்தமாக இருக்கும்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் கேஜ் மாட்ட வேண்டிய நேரம் அதுதான். ரூம் 4, 5 டிகிரிக்கு வரும்வரை ஓடவிட்டு, காயிலிலிருந்து கேஸ் திரும்பிவரும் லோ பக்கம் 60 பி.எஸ்.ஐ. அருகில் நின்று, லிக்விட் லைனில் உள்ள கண்ணாடியில் குமிழி இல்லாமல் தெளிவாக ஓடி, ஹை பக்கம் வெயிலுக்குத் தக்க அளவில் இருந்தால், கேஸில் பிரச்சினையே இல்லை. எதையும் தொட வேண்டாம். ஹை பக்கம் எகிறி நின்றால் ஏற்றிய உபரியை இறக்க வேண்டும், வானத்தில் விடாமல் சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள். இந்தக் கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், புவி வெப்பமாவதில் அது கிட்டத்தட்ட 3.9 டன் கரியமில வாயுவுக்குச் சமம். அதனால்தான் இந்த மாதிரிக் கேஸ்களைக் குறைப்பதற்கான கிகாலி ஒப்பந்தத்தில் இந்தியா 2021ல் சேர்ந்திருக்கிறது. 2028லிருந்து இந்த வகைக் கேஸ்களுக்கு உச்ச வரம்பு வருகிறது. விலை இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம் என்பதுதான் நமக்கு அதன் அர்த்தம்.

கண்ணாடியில் குமிழி ஓடி, லோ பக்கம் குறைவாக இருந்தால் ஒழுகல் உண்டு. அப்போது நாலாவது தடவை ஏற்ற விடாதீர்கள். கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜன் அடித்து, சோப்பு நுரை போட்டு ஒவ்வொரு நட்டாகப் பார்க்க வேண்டும். ஃப்ளேர் நட்டுகள், சர்வீஸ் வால்வின் மூடி, கேஜ் மாட்டும் இடத்தில் உள்ள ஊசி வால்வு, அதிர்ந்து அதிர்ந்து ஒன்றோடொன்று உரசும் மெல்லிய குழாய்கள், அப்புறம் உங்கள் பையன்களின் கத்தி பட்ட காயில். அழுத்தத்தைக் குறித்துவைத்து ஒரு ராத்திரி விட்டுப் பார்ப்பது உத்தமம். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று வெல்டிங் ஆக்சிஜனை அடிக்க யாராவது வந்தால் ரூமை விட்டு வெளியே அனுப்புங்கள். ஆக்சிஜன் அழுத்தத்தோடு கம்ப்ரஸர் எண்ணெயில் பட்டால் வெடிக்கும். அதில் ஆள் செத்திருக்கிறார்கள், பயமுறுத்தச் சொல்லவில்லை.

ஒழுகலை அடைத்த பிறகு, குழாய்க்குள் ஈரத்தை உறிஞ்சும் டிரையரைப் புதிதாகப் போட வேண்டும், இது பேரம் பேசும் விஷயம் இல்லை. இந்தக் கேஸோடு ஓடும் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தைத் துணி மாதிரி உறிஞ்சிவிடும். உள்ளே ஈரம் தங்கினால் எண்ணெய் புளித்து அமிலமாகும், கம்ப்ரஸர் மோட்டாரின் கம்பிச் சுற்றான வைண்டிங் எரியும். உங்களுக்கு மாவு, எங்களுக்கு எண்ணெய், புளிப்பு இரண்டு பேருக்கும் எதிரிதான். அதனால் வேக்குவம் பம்பு போட்டு நன்றாக இழுக்க வேண்டும். வேக்குவம் மீட்டர் இருந்தால் உள் அழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே போய், பம்பை நிறுத்திய பிறகும் அங்கேயே நிற்க வேண்டும். பத்து நிமிடம் பம்பு ஓடிய சத்தம் கேட்டது என்பது வேக்குவம் ஆகாது. கேஸைத் தராசில் சிலிண்டரை வைத்து, எடை பார்த்து ஏற்ற வேண்டும். ஆர்-404ஏ மூன்று கேஸ் கலந்த கலவை, அதனால் சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுக்க வேண்டும். ஏற்றிய எடையைப் பில்லில் எழுதி வாங்குங்கள். உங்களிடம் இருக்கும் மூன்று பில்லிலும் எத்தனை கிலோ என்று இருக்கிறதா பாருங்களேன். இருக்காது.

கம்ப்ரஸர் போய்விட்டது என்று அப்போதும் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, 48,000 உங்கள் பணம். மெகர் வைத்து வைண்டிங்குக்கும் உடலுக்கும் நடுவில் இன்சுலேஷன் எவ்வளவு என்று காட்டலாம். சிங்கிள் ஃபேஸ் கம்ப்ரஸராக இருந்தால் மூன்று முனையின் ஓமும் அளந்து காட்டலாம்: காமன்-ஸ்டார்ட், காமன்-ரன் இரண்டையும் கூட்டினால் ஸ்டார்ட்-ரன் வர வேண்டும். ஓடும்போது இழுக்கும் ஆம்பியரை நேம் பிளேட்டில் உள்ளதோடு ஒப்பிடலாம். லிக்விட் வால்வை மூடிவிட்டு, லோ பக்கத்தை எவ்வளவு தூரம் இழுத்து இறக்குகிறது, நிறுத்தியதும் அங்கேயே நிற்கிறதா என்று பார்க்கலாம். ஸ்க்ரோல் வகையாக இருந்தால் மட்டும் வேக்குவத்துக்குப் போகவிடக் கூடாது. இவ்வளவும் ஒரு மணி நேர வேலை. கெபாசிட்டரோ காண்டாக்டரோ கருகி, வோல்டேஜும் குறைந்து, கம்ப்ரஸர் தலையில் பழி விழுந்த கதை ஏராளம்.

சரி, மெஷின் சரியானாலும் உங்களுக்கு இன்னொரு பிரச்சினை மிச்சம் இருக்கிறது. அது 350 கிலோ. கிரைண்டரிலிருந்து வரும் மாவு 34 டிகிரி இருக்கும் என்று வையுங்கள். அதை 5க்கு இறக்க வேண்டும். மாவில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால் கிலோவுக்கு, டிகிரிக்கு 3.3 கிலோஜூல் என்று போட்டால், மொத்தம் 33,500 கிலோஜூல் சொச்சம். கரண்ட் பில் கணக்கில் சொன்னால் 9 யூனிட்டுக்கு மேல். உங்கள் ஒன்றரை எச்.பி. மெஷின் வெயில் காலத்தில் மணிக்கு இரண்டு, இரண்டரை யூனிட் வெப்பத்தைத்தான் வெளியே தள்ளும். கதவு, சுவர், ஃபேன், லைட் எதையும் சேர்க்காமல் மாவுக்கு மட்டுமே நாலு மணி நேரம். இது காகிதக் கணக்கு. பாக்கெட்டின் நடுவிலிருந்து சூடு வெளியே வர இன்னும் எவ்வளவோ நேரம் பிடிக்கும். அந்த நேரமெல்லாம் மாவு புளித்துக்கொண்டே இருக்கும், பாக்கெட் உப்பிக்கொண்டே இருக்கும். 120 கிலோவில் இந்தத் தொல்லை தெரிந்திருக்காது.

அதனால் மாவையே குளிராகக் கொண்டுவாருங்கள். அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் சேருங்கள், மாவு சூடாகாமல் 25க்குள் வரும். 34க்குப் பதில் 25 என்றால் மெஷினின் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே குறைந்தது. நல்ல தண்ணீரில் செய்த ஐஸாக இருக்கட்டும். மொத்தமாக மாலை ஏற்றாமல் இரண்டு தவணையாக, இரண்டாவதை வெயில் தாழ்ந்த பிறகு ஏற்றுங்கள். அண்டாவில் திறந்தபடி மாவை உள்ளே வைக்கும் வழக்கம் இருந்தால் மூடி போடுங்கள், அந்த ஈரமும் காயிலுக்குத்தான் போகிறது. ஓட்டை போட்ட கிரேட்தான் நல்லது. சுவரிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி, கிரேட்டுக்கு நடுவில் கை நுழையும் இடம் விட்டு அடுக்குங்கள். ஃபேனுக்கு எதிரே மேல்தட்டு வரை அடுக்கினால் காற்று முதல் வரிசையில் முட்டித் திரும்பிவிடும். கன்ட்ரோலர் 4 காட்டும், பின் வரிசை மாவு 12ல் இருக்கும்.

கன்ட்ரோலர் காட்டுவது காற்றின் வெப்பம். உங்களுக்கு வேண்டியது மாவின் வெப்பம். குத்தும் கம்பி உள்ள தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, நடுக் கிரேட்டின் நடுப் பாக்கெட் ஒன்றைத் தியாகம் செய்து குத்திப் பாருங்கள். தெர்மாமீட்டர் சரியா என்று பார்க்க, டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைத்தால் 0 காட்ட வேண்டும். காலை ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி ஒன்பது, மூன்று வேளையும் ரூம் எவ்வளவு, மாவு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த மெக்கானிக் வந்தாலும் முதலில் அந்த நோட்டைக் கையில் கொடுங்கள்.

இத்தனை செய்தும் காலைக்குள் மாவு 5க்கு வரவில்லை என்றால், மெஷின் போதவில்லை என்று ஒத்துக்கொள்ளலாம். அப்போதும் புது ரூம் வேண்டாம், ரூமின் சுவரான பஃப் பேனல் நன்றாக இருந்தால் அதற்கு நாலு வருடம் ஒரு வயதே இல்லை. பெரிய கம்ப்ரஸர் மட்டும் மாட்டுகிறேன் என்றாலும் சம்மதிக்காதீர்கள். காயிலும் வால்வும் பழைய அளவிலேயே இருந்தால் பழையபடி ஐஸ்தான் கட்டும். அதே ரூமில் இன்னொரு சிறிய யூனிட்டைத் தனியாக, அதற்கென்று காயிலோடு போடுங்கள். ஒன்று படுத்தாலும் மற்றது மாவைக் காப்பாற்றும். ஒற்றை யூனிட் ரூமில் ஞாயிற்றுக்கிழமைச் சரக்கைச் சனிக்கிழமை ராத்திரி இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

கேட்காத ஒன்று. கதவை உள்ளிருந்து திறக்கும் குமிழ் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே தள்ளிப் பாருங்கள், வெளியே ஒருவரை நிறுத்திவிட்டு. பையன்கள் தனியாக உள்ளே போகிற ரூம் அது.

மெக்கானிக் ஏமாற்றுகிறாரா என்று கேட்டீர்கள். அவரைப் பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் ஏமாற்றுகிறவர் ஐஸ் கரைந்த பிறகு போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்க மாட்டார். அவருக்கும் ஐஸ்தான் கோளாறு என்று பாதி தெரிந்திருக்கிறது, நேரம்தான் கிடைத்திருக்காது. ஒரு நாளைக்கு ஏழெட்டு இடம் ஓடுகிறவருக்கு நாலு மணி நேரம் ஐஸ் கரைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா? அந்த நாலு மணி நேர வேலையை நீங்கள் முடித்து வைத்துவிட்டு, காலையிலேயே அவரை வரச்சொல்லி, தராசும் நைட்ரஜனும் கொண்டுவாருங்கள், அதற்குத் தனியாகக் கூலி தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். வந்தால் அவரையே வைத்துக்கொள்ளுங்கள். அதெல்லாம் எதற்கு, கேஸ் ஏற்றினால் சரியாகிவிடும் என்றால், வேறு ஆள் பாருங்கள்.